செவ்வாய்க்கிழமை வான்கோழி

மணி மாலை 5.10. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பாலின் புறநகர் ஒன்றில், ஜனவரி மாதத்தில், அந்த நேரத்துக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே மைனஸ் 14 டிகிரி. பூட்ஸை வாசலில் உதறிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். உள்ளே இரண்டு பாக்கெட் அரைத்த வான்கோழி இறைச்சி. ஒவ்வொன்றும் ஒரு பவுண்ட், அதாவது 450 கிராம். வழக்கமாக ஒன்றுதான் வாங்குவாள். எதிர்வீட்டுப் பெரியவரின் மனைவி நான்கு நாட்களாக ஆஸ்பத்திரியில். அதனால் இன்று இரண்டு.

6.30க்குச் சாப்பாடு மேஜைக்கு வந்தாக வேண்டும். 7.15க்கு மகனுக்கு ஐஸ் ஹாக்கி பயிற்சி. மூத்த மகளுக்கு வயது 15, நாளைக்கு அல்ஜீப்ரா பரீட்சை. கடைக்குட்டிக்கு 6, பச்சைப் பட்டாணியைக் கண்டால் ஆகாது. கணவன் பள்ளி பஸ்கள் நிற்கும் டிப்போவில் மெக்கானிக். அவள் ஓர் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் கிளார்க். ஷிஃப்ட், டியூஷன், விளையாட்டு என்று ஆளுக்கொரு நேரத்தில் மைக்ரோவேவைத் திறந்து மூடும் குடும்பம். ஐந்து பேரும் ஒன்றாக உட்காரக் கிடைப்பது செவ்வாய்க்கிழமை மட்டும். அதுவும் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்துக்காகத்தான் கேசரோல்.

நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தி ஆறாமல் மூடிவைக்கும் டப்பா. அமெரிக்காவில் அது ஓவனில் வைக்கும் பாத்திரத்துக்கும் பெயர், அதற்குள் வேகும் பண்டத்துக்கும் பெயர். கொஞ்சம் இறைச்சி, கொஞ்சம் காய், நூடுல்ஸோ சாதமோ உருளைக்கிழங்கோ ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் ஒட்டவைக்க வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு சாஸ். ஒரே பாத்திரத்தில் போட்டு, மேலே சீஸைத் தூவி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. பிசிபேளா பாத் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல, ருசிதான் வேறு. மின்னசோட்டாக்காரர்கள் இதை ‘ஹாட்டிஷ்’ என்பார்கள். மான்கேட்டோ நகரின் ஒரு லூத்தரன் சர்ச்சைச் சேர்ந்த பெண்கள் 1930இல் போட்ட சமையல் புத்தகத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

அதன் பிறகு வந்ததுதான் டப்பா யுகம். கேம்ப்பெல் கம்பெனி 1934இல் க்ரீம் ஆஃப் மஷ்ரூம் சூப்பை டப்பாவில் அடைத்து விற்றது. சூப்பாகக் குடித்தவர்களைவிட அதைச் சாஸாகக் கொட்டிச் சமைத்தவர்கள் அதிகமாக இருப்பார்களோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அது சமையலறைகளில் புகுந்தது. அதே கம்பெனியின் சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த டார்கஸ் ரைலி, 1955இல் அந்த டப்பாவையும் பீன்ஸையும் வைத்து உருவாக்கிய கேசரோல் இன்றும் தேங்க்ஸ்கிவிங் விருந்துகளில் தவறாமல் வருகிறது. லூத்தரன் கிறிஸ்தவர்கள் நிறைந்த மின்னசோட்டாவில் அந்தச் சூப்புக்குச் செல்லப் பெயரே உண்டு. ‘லூத்தரன் கோந்து’ என்று மொழிபெயர்க்கலாம்.

அவளுடைய அம்மாவும் அந்தக் கோந்தை நம்பியவர்தான். மாட்டிறைச்சி ஒரு பவுண்ட், முட்டை நூடுல்ஸ் ஒரு பாக்கெட், சூப் இரண்டு டப்பா. அளவு எழுதிய அட்டை இன்னும் டிராயரில் கிடக்கிறது, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு. மாட்டிறைச்சி இருந்த இடத்துக்கு வான்கோழி வந்தது 2022இல்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை, வீட்டு முன்னால் குவிந்த பனியை அள்ளிக்கொண்டிருந்த கணவன் மண்வாரியைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான். ஈரப் பனி கல்லைப் போல் கனக்கும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். திடீரென்று அவ்வளவு உழைப்பு என்றால் இதயம் திணறும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே டாக்டர்கள் எச்சரிக்கும் விஷயம்தான். 44 வயதுக்காரன் காதில் அது ஏறவில்லை. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காவது நாள் வீட்டுக்கு வந்தான். கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது: கொழுப்பைக் குறைக்கவும், உப்பைக் குறைக்கவும், மாட்டிறைச்சியைக் குறைக்கவும்.

அந்த நான்கு நாட்களில் வீட்டு வாசலுக்கு ஏழு கேசரோல்கள் வந்தன. சாவு, பிரசவம், ஆபரேஷன் எதுவானாலும் அக்கம்பக்கத்தார் கேசரோலோடு வருவது அந்தப் பகுதி வழக்கம். பாத்திரத்தின் அடியில் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்த ஒப்பந்தம். ஆறு பாத்திரங்களை அவள் மார்ச் மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏழாவதில் பெயர் இல்லை. வெள்ளைப் பாத்திரம், பக்கவாட்டில் நீலப் பூக்கள். 1958 முதல் கார்னிங்வேர் என்ற பெயரில் அமெரிக்கச் சமையலறைகளில் குவிந்து கிடந்த மாடல். அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தெருவில் கேட்டாள், சர்ச்சில் கேட்டாள். ‘என்னுடையது இல்லை’ என்றார்கள் எல்லோரும். அலமாரியின் மேல்தட்டில் அது தங்கிவிட்டது.

துண்டுப் பிரசுரத்தைக் கணவனிடம் படித்துக் காட்டியபோது அவன் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினான். கோழி கொடுத்தால் தட்டை ஒதுக்கினான். மீன் என்றால் மேஜைக்கே வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதன் அதற்கு முன் பேசியதில் கால்வாசிகூடப் பேசவில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. செவ்வாய்க்கிழமை கேசரோலுக்கு மட்டும் வந்து உட்கார்ந்தான். அந்த ஒரு தட்டையும் கெடுத்துவிட அவளுக்குத் தைரியமில்லை. எனவே ஏமாற்றுவது என்று தீர்மானித்தாள்.

வான்கோழி அந்த மாநிலத்தில் தட்டுப்பாடான பொருளே அல்ல. அமெரிக்காவில் வான்கோழி வளர்ப்பில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது மின்னசோட்டாதான். நமக்கு வான்கோழி என்றால் மயிலைப் பார்த்து ஆடிய பறவை. ஆனால் இந்தப் பறவைக்கும் மயிலின் நாட்டுக்கும் பிறப்பில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மெக்சிகோவில் மனிதனோடு பழகி, ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலேயன் அதைத் துருக்கிச் சரக்கு என்று நினைத்து டர்க்கி என்றான். துருக்கியில் அதன் பெயர் ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை. பிரெஞ்சுக்காரனும் இந்தியாவின் தலையில்தான் கட்டினான். இந்தியாவுக்கோ கப்பலில் வந்த விருந்தாளி அது. 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி தன் அரண்மனைக்கு வந்தபோது ஜஹாங்கீர் வியந்துபோய் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்த ஓவியம் இப்போது லண்டனில், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. சக்கரவர்த்தி படம் எடுத்துவைத்த பறவை செயின்ட் பாலில் பிளாஸ்டிக் தட்டில், அரைத்த நூலாக, தள்ளுபடி விலையில்.

அரைத்த வான்கோழியை மாட்டிறைச்சி போல் காட்டுவது லேசல்ல. நிறம் வெளிறியது. ருசி மட்டு. சட்டியில் போட்டதும் தண்ணீர் விட்டு, வேகவைத்த பஞ்சு போல் ஆகிவிடும். அவள் சில வாரங்களில் வழி கண்டாள். அகலமான சட்டி, நல்ல சூடு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாக்கெட். பரப்பிவிட்டு நான்கு நிமிடம் கரண்டியைத் தொடக் கூடாது. கிளறக் கிளறத் தண்ணீர்தான் வரும், சிவக்காது. அடி நன்றாகச் சிவந்த பிறகு புரட்டி உடைக்க வேண்டும். காளானை இறைச்சி அளவுக்கே பொடியாக நறுக்கி, தனியாகச் சுருள வதக்கிச் சேர்த்தால் நிறமும் வரும், மாட்டிறைச்சியின் அழுத்தமும் ஓரளவு வரும். கடைசியில் வூஸ்டர் சாஸ் ஒரு ஸ்பூன். கறி பார்ப்பதற்குச் சிவந்தால் மட்டும் போதாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும். பறவை இறைச்சியில் கிருமி பயம் உண்டு.

முதல் செவ்வாய்க்கிழமை கணவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் பாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையின் அடியில் புதைத்தாள். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

காட்டிக்கொடுத்தது பள்ளிக்கூடம். அக்டோபரில் மூத்த மகளுக்கு ஹெல்த் வகுப்பில் ஒரு ஹோம்வொர்க்: வீட்டுச் சாப்பாட்டு லேபிள்களைப் படித்துக் கணக்குப் போட வேண்டும். மகள் கேசரோல் எதிரே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தாள். “இன்றைய உணவு: அரைத்த வான்கோழி...”

மேஜையில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கடைக்குட்டி மட்டும் பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றான் கணவன். “மார்ச் மாதமே தெரியும். குப்பையை வெளியே வைக்கிறது யார்? நான்தானே.”

“ஏன் சொல்லலை?”

“நீ ஒளிச்சு வைக்க அவ்வளவு பாடுபட்டே. வீணாக்க வேண்டாம்னு பார்த்தேன்.”

அதோடு முடிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். மகள் தொடர்ந்து வாசித்தாள். அந்த வயதில் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அம்மா வாங்கிவந்த மலிவு பாக்கெட்டில் கொழுப்பு 15 சதவீதம். தோலையும் கால் பகுதிக் கறியையும் சேர்த்து அரைப்பதால் வான்கோழி என்ற பெயருக்கும் கொழுப்புக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. அதே கடையில் 10 சதவீதக் கொழுப்புள்ள மாட்டிறைச்சியும் விற்கிறது. அடுத்தது சூப். ஒரு டப்பாவில் சோடியம் சுமார் 2,000 மில்லிகிராம். ஆரோக்கியமான ஒருவருக்கே ஒரு நாளைக்கு 2,300க்கு மேல் வேண்டாம் என்கிறது அரசாங்கத்தின் உணவு வழிகாட்டி. “நாம இரண்டு டப்பா போடறோம் மாம்” என்றாள் மகள், கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில்.

அவள் ஃபோர்க்கை வைத்துவிட்டு எழுந்தாள். கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைக்குப் போய், ஓடாத டிரையர் மேல் உட்கார்ந்துகொண்டாள். பெயரை மாற்றிப் போட்டு எட்டு மாதம் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறாள். தினமும் ஆஸ்பத்திரி பில்களில் ஒரு எண் தப்பினால் கண்டுபிடிக்கிறவள், பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கணவன் இறங்கி வந்தான். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “எங்க பாட்டி டப்பா வாங்க மாட்டா” என்றான். “பால் பண்ணையில இருந்தவளுக்கு டப்பா எதுக்கு? சாஸை அவளே கிண்டுவா. நான் ஸ்டூல்ல ஏறி நின்னு பார்த்திருக்கேன்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அடுப்பு முன் நின்றவன் அவன். வெள்ளை சாஸ் பெரிய வித்தை அல்ல. மூன்று மேஜைக்கரண்டி வெண்ணெய் உருகியதும் மூன்று மேஜைக்கரண்டி மைதா. பச்சை வாசனை போகும்வரை, நிறம் மாறாமல், இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். பிறகு இரண்டு கப் பால், கொஞ்சம் கொஞ்சமாக. பொறுமையில்லாமல் மொத்தப் பாலையும் கொட்டினால் கட்டி தட்டும். முதல் முறை கொட்டினான், தட்டியது. வடிகட்டிச் சமாளித்தார்கள். சரியாக வந்தால் ஏழெட்டு நிமிடத்தில் கரண்டியின் பின்புறம் திரையாகப் படியும். கால் டீஸ்பூன் உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய். அடுப்பை அணைத்த பிறகுதான் புளிப்பு க்ரீம் அரைக் கப். கொதிக்கும்போது விட்டால் திரிந்துபோகும். டப்பாவைத் திறக்க அரை நிமிடம் ஆகும், இதற்குப் பத்து நிமிடம். வாரநாளில் பத்து நிமிடம் என்பது சாதாரண விஷயமல்ல.

அந்தப் பத்து நிமிடத்தில் வேறொன்றும் நடந்தது. சாஸ் கிண்டுகிறவன் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பக்கத்தில் கறி வதக்குகிறவளும் அப்படியே. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாத ஏற்பாடு. மூன்றாவது செவ்வாயோ நான்காவதோ, பாலை ஊற்றிக்கொண்டே அவன் சொன்னான், “காரேஜ்ல அந்த மண்வாரியைப் பார்த்தாலே கை நடுங்குது.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “தூக்கிப் போட்டுடலாமா?” என்று மட்டும் கேட்டாள். “வேணாம். பனி விழுந்தா பையன் அள்ளட்டும். ஆனா நான் வெளியே நிக்கணும். ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு உட்கார முடியலை.” எட்டு மாதமாக டி.வி. சத்தத்துக்கு அடியில் இருந்தது இதுதான்.

இதெல்லாம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது இது 2024 ஜனவரி. பாக்கெட் 7 சதவீதக் கொழுப்புள்ளது, விலை கூடுதல். சீஸ் அம்மாவின் அட்டையில் உள்ளதில் பாதி, ஏனென்றால் அதிலும் உப்பு இருக்கிறது. 5.40க்குக் கணவன் வந்து கை கழுவிக்கொண்டு கிண்டத் தொடங்குகிறான், இன்று இரட்டை அளவு. நூடுல்ஸை முக்கால் பதத்தில் வடித்தாயிற்று. மீதி சாஸிலேயே வேக வேண்டும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். உறைந்த பட்டாணியை அப்படியே கொட்டினால் போதும். எல்லாம் கலந்து, மேலே ரொட்டித்தூள் தூவி, 190 டிகிரியில் 25 நிமிடம். ஓரங்களில் குமிழி வெடிக்கிறது. மேலே பொன்னிறம். சமையலறை ஜன்னலில் ஆவி படிந்து எதிர்வீடு மறைந்துவிட்டது.

இதை ஓர் அற்புதமான பண்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் நாக்குக்கு இரண்டு பச்சை மிளகாயாவது கிள்ளிப் போட வேண்டும். மகன் நான்கு நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறான். மகள் அல்ஜீப்ரா புத்தகத்தை மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது என்று திட்டு வாங்குகிறாள். கடைக்குட்டி பட்டாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குகிறாள்; இன்று 31 என்று அறிவிக்கிறாள். கணவனின் கை பழக்கத்தில் உப்பு ஜாடியைத் தேடிப் போய், அது இல்லாத இடத்தில் ஒரு நொடி நின்று, மிளகை எடுத்துக்கொள்கிறது.

7 மணி. மகன் ஹாக்கி மட்டையோடு காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான். அவள் எதிர்வீட்டுப் பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடித் துண்டில் சுற்றுகிறாள். வெள்ளைப் பாத்திரம், பக்கவாட்டில் நீலப் பூக்கள். கணவன் டிராயரைத் திறந்து வெள்ளை டேப்பை எடுத்துக் கொடுக்கிறான்.

“பேர் ஒட்டலையா?”

அவள் டேப் சுருளைக் கையில் வைத்து ஒரு முறை பார்க்கிறாள். பெரியவர் தனியாக இருக்கிறார். முழங்கால் வலிக்காரர். தெருவெல்லாம் கண்ணாடி போல் உறைபனி. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் இந்தப் படி ஏற வேண்டியிருக்கும்.

“சூட்டுல ஒட்டாது” என்று சொல்லி, சுருளை டிராயரில் போட்டு மூடுகிறாள். கணவன் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறான்.